பிடிப்பு, ஏற்பு, வலி, விறைப்பு: ‘ஸ்பாசம்’ என்ற சொல் வன்னியில் பெறும் பொருள்கள்

கிளிநொச்சிப் பக்கத்து மருத்துவமனையொன்றின் கிளினிக் வாங்கில் சில ஆண்டுகளுக்கு முன் காத்திருந்தபோது, அருகிலிருந்த கமக்காரர் ஒருவர் தமது கொப்பியை விரித்து, “தம்பி, இதில என்னெண்டு எழுதியிருக்கு?” என்று கேட்டார். சாய்ந்த ஆங்கிலக் கையெழுத்தில் ‘மசில் ஸ்பாசம்’ என்ற இரண்டு சொற்கள் இருந்தன. உரமூடை தூக்கும்போது நாரி (இடுப்பு) பிடித்து, நிமிர முடியாமல் வந்தவர் அவர். “நாரிப்பிடிப்பு எண்டுதான் எழுதியிருக்கு, ஐயா” என்றேன்; அவருக்கு அது போதுமாயிருந்தது. இதைக் கேட்டுக்கொண்டிருந்த தாயொருவர், சக்கர நாற்காலியில் இருந்த தம் மகனின் கொப்பியையும் நீட்டினார். இறுதிப் போரில் எறிகணைச் சிதறலால் முள்ளந்தண்டில் காயம்பட்டவர் அந்த மகன். அந்தக் கொப்பியிலும் ‘ஸ்பாசம்’ என்றே எழுதப்பட்டிருந்தது. ஆனால் அவரிடம் “பிடிப்பு” என்று சொல்ல எனக்கு நா எழவில்லை. அந்த இளைஞரின் கால்களில் நிகழ்வது வேறு. அதற்குக் காரணம் வேறு. அதற்கு வீட்டில் செய்யவேண்டியதும் வேறு.

மருத்துவர்கள் ஒரே சொல்லால் குறிப்பதை வன்னி மக்கள் குறைந்தது ஐந்தாறு சொற்களால் பிரித்துச் சொல்லுகின்றனர். அச்சொற்கள் ஒவ்வொன்றும் தனித்தனி நிலையைக் குறிப்பதால், அவற்றை ஒதுக்கிவிட்டு ஒற்றைக் கலைச்சொல்லை நாட்டுவது நோயாளிக்கு உதவாது என்பது என் உறுதியான எண்ணம்.

ஸ்பாசம் என்பது கிரேக்க மொழியிலிருந்து வந்த சொல். இழுத்தல் என்ற பொருளுள்ள வினையிலிருந்து பிறந்தது. தமிழிலும் நம் முன்னோர் இதே செயலைக் கண்டு, இதே பொருளில்தான் பெயரிட்டிருக்கின்றனர். இசிவு, ஈர்ப்பு, இழுப்பு, வலிப்பு ஆகிய எல்லாவற்றுக்கும் அடியில் இருப்பது இழுத்தல் என்ற கருத்தே. வலித்தல் என்றால் இழுத்தல் என்பதை முல்லைத்தீவுக் கரையில் யாருக்கும் விளக்கத் தேவையில்லை. அங்கே வள்ளம் வலிப்பதென்றால் துடுப்பை இழுத்து ஓட்டுவது.

இந்த ‘வலி’ என்ற சொல்லிடத்தில்தான் முதல் இடறல் இருக்கிறது. தமிழ்நாட்டில் வலி என்றால் உடல் நோவு. வன்னியிலோ, யாழ்ப்பாணத்தைப் போலவே, நோவுக்கு ‘நோ’ என்ற சொல் இருக்கிறது. தலை நோகும், கால் நோகும், வயிறு குத்தும். ‘வலி வந்தது’ என்று முதியவர் ஒருவர் சொன்னால், கை கால் இழுத்து நினைவு தப்பியது என்று பொருள். ‘வலி வருத்தம்’ என்பது வலிப்பு நோய். பேரப்பிள்ளைக்கு இரவு வலி வந்தது என்று ஒரு பாட்டி சொல்ல, வேறு ஊரில் தமிழ் பழகிய பணியாளர் ஒருவர் அதை நோவு என்று விளங்கி “எங்கே வலிக்கிறது?” என்று பிள்ளையைக் கேட்டதை நேரில் கண்டிருக்கிறேன். காய்ச்சலில் பிள்ளை வெட்டியிழுத்த செய்தி மருத்துவரின் காதுக்குப் போய்ச் சேர மேலும் கால் மணி நேரம் பிடித்தது.

உடலுக்குள் நடப்பதை முதலில் பார்த்துவிட்டால் சொற்கள் தாமாகவே இடம் பிடித்துக்கொள்ளும். தசை இயங்க நரம்பின் கட்டளை வேண்டும். நரம்பின் நுனியில் வெளிப்படும் வேதிப்பொருள் தசை நாரைத் தூண்ட, நாருக்குள் கல்சியம் பரவ, அங்குள்ள நுண்ணிழைகள் ஒன்றன்மேல் ஒன்று வழுக்கிச் சென்று தசை சுருங்குகிறது. சுருங்குவதற்கு ஆற்றல் வேண்டும் என்பது எளிதில் விளங்கும். ஆனால் சுருங்கிய தசை தளர்வதற்கும் ஆற்றல் வேண்டும் என்பதைப் பலர் நினைத்துப் பார்ப்பதில்லை. இழைகளின் பிடியை விடுவிப்பதற்கு ஏ.ரி.பி. என்னும் ஆற்றல் மூலக்கூறு தேவைப்படுகிறது. செத்த வீட்டில் உடல் சில மணி நேரத்தில் கட்டைபோல ஆவதற்குக் காரணம், அந்த மூலக்கூறு தீர்ந்துபோய்ப் பிடி விடுபடாமல் நின்றுவிடுவதே. ஆகவே நம் விருப்பமின்றித் தசை தானாகச் சுருங்குவதையும், சுருங்கியபின் தளர மறுப்பதையும் சேர்த்தே மருத்துவம் ஸ்பாசம் என்கிறது. தூண்டுதல் எங்கிருந்து வந்தது, தசையிலிருந்தா, நரம்பின் நுனியிலிருந்தா, முள்ளந்தண்டுக்குள் ஓடும் நரம்புத் தண்டான முண்ணாணிலிருந்தா, மூளையிலிருந்தா என்பதை அந்தச் சொல் சொல்வதில்லை. நம் பேச்சுச் சொற்கள் பெருமளவு அதைத்தான் சொல்லுகின்றன.

கெண்டைக்காலில் வருவதைப் ‘பிடிப்பு’ அல்லது ‘குறண்டல்’ என்கிறோம். செல்வச்சந்நிதியிலிருந்து கதிர்காமம் நோக்கிப் பாதயாத்திரை போகிறவர்கள் வற்றாப்பளையில் தங்கும் இரவில் இதை அருகிலிருந்து பார்க்கலாம். பகல் முழுவதும் வெயிலில் நடந்த ஒருவர் பாயில் படுத்துக் கண்ணயரும் நேரத்தில் திடீரென்று எழுந்து உட்காருவார். கெண்டைத் தசை முடிச்சுப் போட்டதுபோலத் திரண்டு நிற்பது தோலின் மேலாகவே தெரியும். பாதம் கீழ்நோக்கி வளைந்திருக்கும். பக்கத்தில் இருப்பவர், யாரும் சொல்லிக்கொடுக்காமலே, பாதத்தைப் பிடித்து விரல்கள் முழங்காலைப் பார்க்கும்படி மேலே மடக்குவார். மருத்துவமும் இதைத்தான் செய்யச் சொல்கிறது. தசையை நீட்டும்போது தசைநாணில் உள்ள உணர்விகள் இழுவையை உணர்ந்து, அந்தத் தசைக்குப் போகும் கட்டளையை அடக்குகின்றன. முடிச்சு சில நொடிகளில் அவிழ்கிறது. படுக்கையில் பாதம் இயல்பாகவே கீழ்நோக்கிச் சாய்வதால் கெண்டைத் தசை ஏற்கனவே குறுகிக் கிடக்கிறது. இந்தப் பிடிப்பு இரவில் அதிகம் வருவதற்கு அது ஒரு காரணம்.

காலபோக நெற்செய்கைக்கு வரம்பு கட்டி, நாள் முழுக்க மண்வெட்டி பிடித்த கைக்கும் இதே நிலை வருவதுண்டு. வியர்வையில் உப்பும் நீரும் போவதே காரணம் என்று நெடுங்காலமாகச் சொல்லப்பட்டது. களைத்த தசைக்கும் முண்ணாணுக்கும் இடையிலான நரம்புத் தூண்டல் சமநிலை குலைவதே பெரிய காரணம் என்று இப்போது பலர் கருதுகின்றனர். கர்ப்பிணிகளுக்கும், முதியோருக்கும், இரத்தச் சுத்திகரிப்புச் செய்துகொள்ளும் சிறுநீரக நோயாளருக்கும் இது அடிக்கடி வருகிறது. காரணம் தெளிவாகாத சிறுநீரக நோய் வவுனியா மாவட்டத்தையும் தொட்டிருப்பதால், சுத்திகரிப்பு நடக்கும்போதே கால் குறண்டும் அனுபவம் இங்கே பல குடும்பங்களுக்குத் தெரியும்.

இதே பிடிப்புக்கு ஒரு காலத்தில் உலகின் பல பாகங்களிலும் குயினைன் கொடுக்கப்பட்டது. வன்னியில் மூத்த தலைமுறைக்கு அந்தப் பெயர் மலேரியாவோடு சேர்ந்தே நினைவுக்கு வரும்; இலங்கை மலேரியா அற்ற நாடு என்று உலக சுகாதார நிறுவனம் 2016 இல் சான்றளித்தது. கால் பிடிப்புக்குக் குயினைன் உட்கொள்ளவேண்டாம் என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு நிர்வாகம் 2006 இலும் 2010 இலும் எச்சரித்தது. இரத்தத்தட்டுகள் குறைந்து உயிருக்கே ஆபத்து நேரக்கூடும் என்பதே காரணம். காலை நீட்டிவிடுவதற்கு அந்த ஆபத்து எதுவும் இல்லை.

நாரிப்பிடிப்பு வேறு வகை. அங்கே தசை வேலியாக நிற்கிறது. முள்ளந்தண்டு மூட்டிலோ தசைநாரிலோ சிறு காயம் ஏற்பட்டதும், அந்த இடம் அசையாதபடி சுற்றியுள்ள தசைகள் தாமாக இறுகிக்கொள்கின்றன. அதனால் நோ கூடுகிறது. நோ கூடக் கூட இறுக்கமும் கூடுகிறது. “நரம்பு பிரண்டிட்டுது” என்று இதைச் சொல்வார்கள். தோலுக்கடியில் கயிறுபோலக் கைக்குத் தட்டுப்படுவது நரம்பு அல்ல, இறுகிய தசையே. ஓரிரு நாளுக்கு மேல் படுக்கையில் கிடக்காமல், தாங்கக்கூடிய அளவுக்கு நடமாடுபவரே விரைவில் தேறுகிறார். ஆனால் நாரி நோவோடு கால் சோர்ந்துபோனாலோ, சலம் (சிறுநீர்) போவதை அடக்க முடியாமலோ போக முடியாமலோ இருந்தாலோ, அதைப் பிடிப்பு என்று எண்ணெய் பூசிக்கொண்டு வீட்டில் இருக்கக்கூடாது. அது முண்ணாண் நரம்புகள் நெருக்குண்டதன் அடையாளமாக இருக்கலாம்.

அடுத்த சொல் ‘ஏற்பு’. எழுத்துத் தமிழில் ஏற்பு என்றால் ஏற்றுக்கொள்ளுதல். வன்னியில் ஒரு சிறுவனின் காலில் உடைமுள் ஏறினால், தாய் கேட்கும் முதற்கேள்வி “ஏற்பூசி போட்டதோ?” என்பதே. ஏற்பு, ஏற்புவலி என்பன ரெட்டனஸ் நோயின் பெயர்கள். சிலர் ஏர்ப்பு என்றும் எழுதுவர். ரெட்டனஸ் என்ற கிரேக்கச் சொல்லும் விறைத்து நீண்டதையே குறிக்கும். சிங்களத்தில் பிட்டகெஸ்ம என்பார்கள். முதுகு என்ற சொல் அதற்குள் இருக்கிறது. வடமொழி வழி வந்த தனுர்வாதம் என்ற பெயரில் வில் இருக்கிறது. நோயாளியின் முதுகுத் தசைகள் இறுகித் தலையும் குதிக்காலும் மட்டும் படுக்கையில் பட, உடல் வில்லாக வளைவதைக் கண்டவர்கள் இட்ட பெயர்கள் இவை.

துருப்பிடித்த ஆணியால்தான் ஏற்பு வரும் என்பது பரவலான நம்பிக்கை. துருவுக்கும் நோய்க்கும் நேரடித் தொடர்பு இல்லை. நோய்க் கிருமியின் வித்திகள் மண்ணிலும் மாட்டுச் சாணத்திலும் ஆண்டுக்கணக்காக உயிரோடு இருக்கின்றன. காற்றுப் புகாத ஆழமான புண் அவற்றுக்கு வேண்டும். வயல் மண் ஒட்டிய மண்வெட்டியும் மாட்டுப்பட்டியில் மிதித்த முள்ளும் துருவே இல்லாமல் இதைச் செய்யக்கூடும். பெரும்பாலும் 3 முதல் 21 நாட்களுக்குள் அறிகுறி தோன்றும். முதலில் தாடை பூட்டிக்கொள்கிறது. வாய் திறக்க முடியாது. பிறகு கழுத்து, முதுகு, வயிறு என இறுக்கம் இறங்குகிறது. சிறு ஓசையும் தொடுகையும்கூட முழு உடலையும் இழுக்கவைக்கும். எல்லாவற்றையும்விடக் கொடியது, நோயாளியின் நினைவு தெளிவாகவே இருப்பது.

இதன் இயக்கத்தை விளக்க வன்னிக் காட்டிலிருந்தே ஓர் ஒப்புமை கிடைக்கிறது. நம் முண்ணாணில் தசைகளைத் தூண்டும் நரம்புகளோடு, அந்தத் தூண்டுதலை அடக்கும் நரம்புகளும் உள்ளன. கையை மடக்கும்போது நீட்டும் தசை தளர்வது இந்த அடக்கும் நரம்புகளால். ஏற்பு நஞ்சு அந்த அடக்கும் நரம்புகள் தம் வேதிப்பொருளை வெளியிடாதபடி தடுத்துவிடுகிறது. எட்டி மரத்தின், அதாவது காஞ்சிரையின், விதையிலுள்ள ஸ்ட்ரிக்னைன் நஞ்சோ அந்த வேதிப்பொருள் போய்ச் சேரவேண்டிய இடத்தை அடைத்துக்கொள்கிறது. வழி வேறானாலும் விளைவு ஒன்றுபோலவே இருக்கிறது: கடிவாளம் இல்லாத தசைகள் அனைத்தும் ஒரே நேரத்தில் இழுக்கின்றன. உலர்வலயக் காடுகளில் வளரும் அந்த மரத்தின் காயை எந்த மருந்துக்காகவும் தாமாக அரைத்துக் குடிக்கக்கூடாது என்று பெரியவர்கள் சொல்லி வந்ததற்கு இதுவே அடிப்படை.

ஏற்பு வந்து பிழைத்தவருக்கும் அந்த நோயால் எதிர்ப்பாற்றல் உண்டாவதில்லை. நோயை உண்டாக்கும் நஞ்சின் அளவு அவ்வளவு சிறியது. தடுப்பூசி ஒன்றே காப்பு. இலங்கையில் 1978 இல் தொடங்கிய விரிவாக்கப்பட்ட தடுப்பூசித் திட்டத்தில் 2, 4, 6 ஆம் மாதங்களிலும், 18 ஆம் மாதத்திலும், 5 வயதிலும், பின்னர் பாடசாலையில் 11 வயதளவிலும் இதற்கான ஊசி போடப்படுகிறது. கர்ப்பிணிகளுக்கும் போடப்படுவதால் பிறக்கும் சிசுவும் காக்கப்படுகிறது. போர்க்காலத்தில் இடம்பெயர்வுக்கு மேல் இடம்பெயர்ந்து ஊசி அட்டையைத் தொலைத்தவர்கள், புண் வரும்வரை காத்திராமல் இதைக் கேட்டுச் சரிசெய்துகொள்ளலாம்.

வலிப்பு மூளையிலிருந்து வருவது. மூளையின் மின்னியக்கம் கட்டுக்கடங்காமல் எழும்போது உடல் முதலில் விறைக்கும், பிறகு வெட்டி வெட்டி இழுக்கும். பெரும்பாலும் ஓரிரு நிமிடத்தில் அடங்கும். சைவ மரபில் இந்த நோய்க்கு முயலகன் என்ற பெயருண்டு. கொல்லிமழவனின் மகளுக்கு இருந்த முயலகனைத் திருஞானசம்பந்தர் திருப்பாச்சிலாச்சிராமத்தில் பதிகம் பாடித் தீர்த்தார் என்பர். வலி வந்தவரின் கையில் இரும்பையோ சாவியையோ திணிக்கும் வழக்கம் இன்னும் இருக்கிறது. அதனால் பயனில்லை. வாய்க்குள் கரண்டி வைப்பதும் தண்ணீர் ஊற்றுவதும் ஆபத்தானவை. தலையில் அடிபடாமல் பார்த்து, இழுப்பு அடங்கியதும் ஒருபக்கமாகச் சரித்துப் படுக்கவைக்கவேண்டும். ஐந்து நிமிடத்துக்கு மேல் நீடித்தால் 1990 என்ற அம்புலன்ஸ் எண்ணை அழைக்கவேண்டும். ஆறு மாதம் முதல் ஐந்து வயது வரையான பிள்ளைகளுக்குக் காய்ச்சலோடு வரும் வலிப்பு பெரும்பாலும் பிற்காலத்தில் வலிப்பு நோயாவதில்லை. ஆயினும் முதன்முறை வந்தால் மருத்துவர் பார்த்தே ஆகவேண்டும்.

உள்ளுறுப்புகளின் தசைகளுக்கும் இழுப்பு உண்டு. முட்டுக்காரரின் (ஆஸ்துமா உள்ளவரின்) மூச்சுக்குழல் சுருங்குவதும், வயிறு முறுக்குவதும், சிறுநீரகக் கல் இறங்கும்போது புரளவைக்கும் நோவும், விக்கலும் அந்த இனத்தவை. கண் இமை துடிப்பது நார்க்கட்டு ஒன்றின் சிறு துடிப்பு. சகுனம் பார்ப்பதைத் தவிர அதற்கு எதுவும் செய்யவேண்டியதில்லை. ஆனால் பூச்சிகொல்லி தெளித்துவிட்டு வந்தவரின் உடலெங்கும் தசைகள் துடித்து, வாயில் உமிழ்நீர் வடிந்து, கண்மணி சுருங்கியிருந்தால் அது நஞ்சேறியதன் அடையாளம். உடையைக் களைந்து, உடலைக் கழுவி, உடனே மருத்துவமனைக்குக் கொண்டுபோகவேண்டும்.

இனி அந்தச் சக்கர நாற்காலிக்கு வருகிறேன். நூல்களில் அந்த நிலைக்கு ‘தசை விறைப்பு’ என்று எழுதுகின்றனர். வன்னியில் விறைப்பு என்றால் உணர்வு இல்லாமல் போவது. பல் பிடுங்குமுன் போடுவது விறைப்பூசி. சம்மணமிட்டு நெடுநேரம் இருந்தால் கால் விறைக்கும். முள்ளந்தண்டுக் காயம்பட்ட ஒருவரிடம் “கால் விறைக்கிறதா?” என்று கேட்டால், உணர்வைப் பற்றிக் கேட்பதாக எண்ணி ஆமென்பார், கேட்டவரோ இறுக்கத்தைப் பற்றிய விடை கிடைத்ததாக எழுதிக்கொள்வார். ஒரே சொல்லில் இருவரும் இரண்டு வேறு நோய்களைப் பேசிவிட்டு எழுந்துபோவார்கள்.

முள்ளந்தண்டு காயப்பட்டதும் முதலில் கால்கள் துணிபோலத் துவண்டு கிடக்கும். கிழமைகள் சில கழிந்தபின், காயத்துக்குக் கீழே தப்பியிருக்கும் முண்ணாண் பகுதி தன் சொந்த அனிச்சைச் செயல்களை மீண்டும் தொடங்குகிறது. மேலிருந்து மூளை அனுப்பும் அடக்கும் கட்டளை வந்துசேராததால், ஒரு போர்வை உரசினாலும் கால் வெட்டி எழுகிறது. அதைக் காணும் வீட்டார் கால் திரும்பி வருகிறது என்று நம்புகின்றனர். கோயிலுக்கு நேர்த்தி வைத்த தாய்மாரை நான் அறிவேன். அது நடக்கும் ஆற்றல் திரும்புவதன் அடையாளம் அல்ல என்பதை முதல் நாளிலேயே, அவர்களுக்கு விளங்கும் சொல்லில் சொல்லவேண்டியது மருத்துவமனையின் கடமை. சொல்லாமல் விட்டதால் பல குடும்பங்கள் ஆண்டுக்கணக்கில் காத்திருந்தன.

இந்த இறுக்கத்துக்கு அவுஸ்திரேலிய நரம்பியலாளர் ஜேம்ஸ் லான்ஸ் 1980 இல் தந்த வரையறை இன்றும் ஆளப்படுகிறது: தசையை எவ்வளவு வேகமாக நீட்டுகிறோமோ அவ்வளவுக்கு அது எதிர்த்து இறுகும். வீட்டில் பராமரிப்பவருக்கு இதில் நேரடியான பாடம் இருக்கிறது. காலை வெடுக்கென்று நீட்டினால் அது பூட்டிக்கொள்ளும். பாதத்தையும் முழங்காலையும் தாங்கி மிக மெதுவாக நீட்டி, சிறிது நேரம் அப்படியே பிடித்திருந்தால் தளரும். பாதயாத்திரைக்காரரின் கெண்டையை மடக்குவது போல இதைச் செய்யக்கூடாது. நாள்தோறும் இப்படி நீட்டாமல் விட்டால் தசையும் மூட்டும் நிரந்தரமாக மடங்கிவிடும்.

இழுப்பு முழுவதும் தீமையும் அல்ல. சிலர் அந்த இறுக்கத்தைப் பயன்படுத்தியே நாற்காலியிலிருந்து கட்டிலுக்கு மாறுகின்றனர். உணர்வற்ற உடலில் அது ஓர் அறிவிப்பாகவும் நிற்கிறது. வழக்கமாக இரண்டு மூன்று முறை வெட்டும் கால் ஒரு நாள் ஓயாமல் வெட்டினால், சிறுநீரில் கிருமித்தொற்று, அடைபட்ட குழாய், மலச்சிக்கல், படுக்கைப்புண், உள்வளர்ந்த நகம் ஆகியவற்றில் ஒன்று இருக்கிறதா என்று உடலைப் புரட்டித் தேடவேண்டும். இந்த இழுப்பைத் தணிக்கப் பக்லோபன் என்ற குளிசையைப் பெறுபவர்கள், மருந்து முடிந்துவிட்டது என்றோ சுகமாகிவிட்டது என்றோ அதைச் சடுதியாக நிறுத்தக்கூடாது. இழுப்பு முன்னையிலும் கடுமையாகத் திரும்புவதோடு வலிப்பும் மனக்குழப்பமும் வரக்கூடும்.

அன்று அந்தத் தாயிடம் நான் சொன்னது, “மகனுக்குக் கால் வெட்டியிழுக்கிறதைத்தான் எழுதியிருக்கினம், அம்மா” என்பது. “அதுதானே, ராத்திரி நாலு தரம் வெட்டினது” என்று உடனே சொன்னவர், அதற்கு முன்தினம் சலக்குழாய் மாற்றிய பின்தான் அது கூடியதென்றும் சொன்னார். மருத்துவர் கூப்பிட்டபோது அதையே முதலில் சொல்லும்படி அவரிடம் கேட்டுக்கொண்டேன்.